உறவுமுறை

"பேர் சொல்லுங்க" என்றார், பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர்.

"அக்கா" என்றேன்.

எழுதப் போன பேனா அப்படியே நின்றது. வெள்ள நிவாரண முகாமில் தங்கியிருப்பவர்களைத் தேடி வருகிற அத்தனை பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இங்க படுத்திருக்கிற எல்லாருமே யாருக்கோ அக்காதாம்மா. அந்த அக்காவுக்கு அப்பா அம்மா வெச்ச பேருன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இருக்கும். எனக்குத் தெரியாது.

ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். முதல் நாள் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, என்னைவிட மூத்தவர் என்று "வாங்கக்கா" என்றேன். அதற்கப்புறம் பெயர் தேவைப்படவே இல்லை. என் கணவருக்கும் அவர் அக்கா. என் மகளுக்கும் அக்கா. கைப்பேசியில் அவர் எண்ணுக்கு மேலேயும் அக்கா.

மூத்தவரிடம் பெயர் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"எந்தப் பக்கம் வீடு?"

"ஆத்துப் பக்கம்."

"ஆத்துப் பக்கம் இல்லாதவங்க இங்க எதுக்கும்மா வரப்போறாங்க?"

எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். நான் போனதே இல்லை.

ஆனால் ஒரு சிறுமியின் முழுப்பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ கடல் தாண்டி ஒரு நாட்டில், நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடத்துக்கு அடியில் ஐந்து நாள் உயிரோடு கிடந்தவள். அவள் வயது தெரியும். தம்பியின் செல்லப்பெயர் தெரியும். இடுக்கு வழியாகக் குழாய் விட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவரின் பெயர்கூடத் தெரியும்.

அந்த ஐந்து நாளும் தொலைக்காட்சியை யாரையும் அணைக்க விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை; பார்த்துப் பார்த்து அழுதேன். எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, அங்கே அனுப்பப் போர்வை சேர்த்தேன். குளிரும் என்று சொன்னார்கள்.

அந்த அழுகையில் பொய் இல்லை. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிறுமியை வெளியே எடுத்த சாயங்காலம், அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கூடத்தில் வந்து நின்றார். அவரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "பொழைச்சுட்டாளா? எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம், "எங்க பக்கம் தண்ணி ஏறுதும்மா. கொஞ்சம் முன்னாடியே கெளம்பறேன்" என்றார்.

"ம்ம். பாத்துப் போங்கக்கா" என்றேன்.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் அழைத்தேன். கவலைப்பட்டு அழைத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தொட்டி நிறையப் பாத்திரம் சேர்ந்துவிட்டது, அதனால் அழைத்தேன். கைப்பேசி அணைந்து கிடந்தது. அப்போதுதான் அவர் சொன்ன வார்த்தை என் காதுக்கு வந்து சேர்ந்தது. எங்க பக்கம் தண்ணி ஏறுது.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன்.

எழுத்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, உங்க பேரைச் சொல்லுங்க. போன் தண்ணியில போனவங்க எல்லாம், யாருக்குத் தகவல் சொல்லணும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

சொன்னேன்.

அவர் விரல் நோட்டில் வரிவரியாக இறங்கியது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். வகுப்பறைக்குள் கரும்பலகையின் கீழே யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். விரல் நின்றது.

"அட, இவங்களா! காலையிலதாம்மா பஸ்ல ஏத்தி அடுத்த ஊர் முகாமுக்கு அனுப்பினோம். இங்க படுக்கவே எடமில்ல. அதான், ஆளில்லாதவங்களை மட்டும் அங்க அனுப்பிட்டோம்."

உயிரோடு இருக்கிறார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு திரும்பியதும் கோபம்தான் முதலில் வந்தது.

"அவங்களுக்கு ஆளில்லைன்னு யார் சொன்னது?"

எழுத்தர் நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

முதல் கட்டத்தில் அவர் பெயர். அதை இப்போதுதான் முதல்முறையாக வாசிக்கிறேன். அடுத்து வயது, தெரு. தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர், தகப்பனாரின் முதலெழுத்தோடு, பிழையில்லாமல். அதன் கீழே என் எண். கைப்பேசி மூழ்கிய பிறகு, மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்.

ஓரத்தில் பென்சிலால், நேரம் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு முறை எழுதியிருந்தது: 'எடுக்கவில்லை.'

தெரியாத எண்ணாக இருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என்று நினைத்தேன். போர்வை மடித்துக்கொண்டிருந்த கையால் துண்டித்தேன். நான்கு முறையும்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு, உறவுமுறை.

அதில் 'தங்கை' என்றிருந்தது. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், வேறு மையில்: யாரும் இல்லை.