பெத்லகேமுக்கு ஒரு கிளை லைன்

“எண்பத்தேழு ரூபா ஐம்பது காசு. ஏலே ஜெபதுரை, இன்னைக்கு வாங்காம நான் நகரப்போறதில்ல.”

வாசலில் நின்று கொம்பையா போட்ட சத்தம் அடுத்த தெரு வரைக்கும் போயிற்று. உள்ளே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நேசம்மாளின் பசைக்கை அப்படியே நின்றது.

போன வருசம் கூரைக்கு ஓடு மாற்ற வாங்கிய கடன். இந்த மாதம் பிறந்ததிலிருந்து மனுசர் தினமும் சாயங்காலம் வந்து இப்படித்தான் கத்துகிறார். கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த இத்தனை வருசத்தில் அவள் வாசலில் கடன் கேட்டு ஒருத்தர் நின்றதில்லை. கிறிஸ்துமசுக்கு இன்னும் எட்டே நாள். அதற்குள் இதை முடிக்காவிட்டால் கோயிலில் எந்த முகத்தோடு முழங்கால் போடுவது?

“உள்ள வாங்க அண்ணாச்சி” என்றான் அவள் புருசன் ஜெபதுரை, தலையைத் தூக்காமல்.

அவன் தச்சு வேலைக்காரன். கோயிலில் வைக்கிற கிறிஸ்துமஸ் குடிலில் இந்த வருசம் ரயில் விடுகிற பொறுப்பு அவனுடையது. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் கரிசல் மண் பரப்பி, அதில் ஒரு கிளை லைன், ஒரு குட்டி ஸ்டேசன். தீப்பெட்டி செய்கிற மரச்சீவலில் ஏழு பெட்டி செய்துவிட்டான். லைனில் நிற்க இடமோ நாலுக்குத்தான். எந்த நாலு என்பதில்தான் பஞ்சாயத்து.

கொம்பையா செருப்பைக் கழற்றிவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். மணியாச்சிப் பக்கம் முப்பது வருசம் தண்டவாள வேலையில் கடப்பாரை பிடித்து, தை மாதம் ரிட்டயர் ஆனவர்.

“இது என்னலே?”

“பஸ்ட் கிளாஸ்.”

“கிளை லைன்ல எவன்லே பஸ்ட் கிளாஸ்ல வாரான்? எடுத்து அங்கன வை.”

“மூணு ராசாக்கள் வாராவல்லா அண்ணாச்சி.”

“அவிய ஒட்டகத்துல வந்துட்டுப் போறாவ. எஞ்சினுக்கு அடுத்து ஒரு சரக்குப் பெட்டி. ஆடு மேய்க்கிறவனுவளுக்கு ரெண்டு ஆள் பெட்டி. கடைசில கார்டு பெட்டி. இந்தா, இதுல எதுக்கு மூணு கோடு போட்டுருக்க? மூணாம் கிளாஸை எடுத்து நாலு வருசமாச்சு. ஒரு கோட்டை அழி.”

“கார்டு பெட்டிக்குப் பதிலா இன்னொரு ஆள் பெட்டி போட்டா லெச்சணமா இருக்கும்.”

“கார்டு இல்லாம வண்டி நகராதுலே. பெத்லகேமுக்குப் போனாலும் அதான் சட்டம்.”

நேசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் கத்திய கத்து ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டாள்.

கொம்பையா ஒரு பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். “அடியில ஒண்ணுமே இல்லையே. பேட்டரிப் பெட்டி எங்க? பிரேக்குக் கட்டை எங்க?”

“குடில் பாக்க வாரவன் படுத்துக்கிட்டா பாப்பான்?”

“உள்ள உக்காந்து போறவனுக்குச் சன்னல். வண்டி வரும்போது ஜல்லிச் சரிவுல இறங்கி ஒதுங்கி நிக்கிறவனுக்கு அடிதாம்லே கண்ணுக்கு நேர. முப்பது வருசமா நான் பாத்த ரயிலு அதுதான்.”

ஜெபதுரை கத்தியை எடுத்துப் பிரேக்குக் கட்டை சீவ ஆரம்பித்தான். நரைத்த தலைகள் இரண்டும் முட்டாத குறையாகக் குனிந்தன.

இதுதான் சமயமென்று நேசம்மாள் எழுந்தாள். தீப்பெட்டி ஒட்டிய கூலியில் மிச்சம் பிடித்ததும், நேற்று எட்டயபுரம் சந்தையில் வெள்ளாட்டுக் குட்டியை விற்றதும் முந்தியில் முடிந்திருந்தது. அவிழ்த்து, கொம்பையாவின் முன்னால் வைத்தாள்.

“எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி. எண்பத்தேழு ஐம்பது, சரியா இருக்கு. இனிமே எங்க வாசல்ல சத்தம் வேண்டாம்.”

கொம்பையா ரூபாயைத் தொடவில்லை. ஜெபதுரையைப் பார்த்தார். ஜெபதுரை கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

“குட்டியையா வித்துட்ட தாயி?” என்றார் மெதுவாக.

“வேற என்ன செய்ய? நீங்க கத்துறது தெருவுக்கே கேக்குது.”

“கேக்கணும்னுதான் கத்துதேன். அடுத்த தெருவுல எம் பொண்டாட்டி சீனித்தாய் காதுல விழணும்லா.” ரூபாயை அவள் பக்கமே தள்ளி வைத்தார். “உம் புருசன் ஆடி மாசமே பைசா பாக்கியில்லாமத் தந்துட்டான். இந்த வயசுல பொம்மை ரயில் செய்யப் போறேன்னு அவகிட்ட நான் எப்படித் தாயி சொல்லிட்டு வர?”