கட்டை இல்லாத சுரம்

அக்கார்டியனில் அந்தச் சுரத்துக்கு விரலால் அழுத்தக் கட்டை கிடையாது. மாலின் தன் வயலினில் இரண்டு சுரங்களுக்கு நடுவே விரலை வைத்து அதை எடுப்பாள். சுவீடனில் அவளுடைய ஊர் அதைக் கேட்டே ஆடிப் பழகியது. அவள் இறந்தபின் வந்த முதல் கோடைவிழாவில், அவள் அமைத்த ஆட்டப்பாட்டை வாசிக்க அவள் தம்பி யோரான் அக்கார்டியனோடு வந்தான்.

“மேல்கட்டையில வாசிச்சா பாட்டே செத்துடும்டா,” என்றான் மாலினின் கணவன் ஆக்சல்.

“கீழ்கட்டையில?”

“அப்பவும்தான்.”

“அப்ப கட்டையை நடுவுல பிளந்துடலாம். கோடாலி கொண்டாங்க மச்சான்.”

ஆக்சல் சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அந்தச் சுரத்தின் இடம் வந்ததும் யோரான் விரல்களைத் தூக்கிவிட்டான். அக்கார்டியன் நின்றது. ஜோடி ஜோடியாகச் சுழன்றுகொண்டிருந்தவர்கள் அடி பிசகாமல் அந்தச் சுரத்தைத் தாங்களே பாடினார்கள். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மாலின் விரல் வைத்த அதே இடம். அக்கார்டியன் மறுபடி சேர்ந்துகொண்டது.

“யாரோட பாட்டுங்க இது?” என்று கேட்டார் பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர்.

“என் பொண்டாட்டியோடது,” என்றான் ஆக்சல். தேவைக்கு மேல் உரக்கவே சொல்லிவிட்டான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த சுற்றில் அந்த இடம் நெருங்கியது. ஆக்சல் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.