வருஷத்துக்கு அரைக் காசு

"மூட்டையை அவிழு, மிசாயேல்."

எடெல்வினா கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இவன் மலை மேட்டின் கறுப்பு மண்ணை அள்ளிப் பூந்தொட்டிக்காரர்களுக்கு விற்கிறான் என்று ஊரில் பேச்சு. முப்பது வருஷம் முன்னால் உருளைக்கிழங்கு போட இந்த மேட்டையே கொளுத்தியவன், செய்யக்கூடியவன்தான்.

"மெதுவா, தோன்யா எடெல்வினா. இங்க கத்தினா மூடுபனி கோவிச்சுக்கும்."

"தண்ணிக் கமிட்டித் தலைவி நான் கோவிச்சுக்கிட்டா தேவலையா? மண்ணு மட்டும் இருக்கட்டும், நேரா போலீஸ்தான்."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மேட்டில் சத்தம் போட அவளுக்கும் பயம்.

மூட்டைக்குள் விரல் நீளச் செடிகள். ஃப்ரைலெஹோன், மூடுபனியைக் குடித்து ஓடைக்குத் தண்ணீர் தரும் மலைச்செடி.

"எங்க பிடுங்கினே?"

"விதை போட்டு வீட்டுல வளர்த்தது."

பனி கொஞ்சம் விலகியது. சரிவு முழுக்க அதே செடி, வரிசை வரிசையாக. முயல்காது மாதிரி மெத்தென்ற இலைகளில் பனி நீராகத் திரண்டு, சொட்டி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேலே இருக்கும். எடெல்வினா கயிற்றை விட்டுவிட்டாள்.

மிசாயேல் ஒரு நூறு பேசோ காசை எடுத்து, உயரமான செடியின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, மேல் மேலாக நகர்த்தி அளந்தான்.

"வருஷத்துக்கு அரைக் காசு வளரும். இது பதினஞ்சு காசு. தீ வெச்ச மறு வருஷம் நட்டது."

காசை அவளிடம் நீட்டினான். அதில் பொறித்திருந்ததும் அதே செடிதான். தலை விரித்து, முழுசாக வளர்ந்தது. தினமும் புழங்குகிற காசு. இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"இப்படி ஆக எத்தனை வருஷம்?"

"நூறு. அதான் நூறுன்னு போட்டிருக்காங்களோ என்னவோ."

"நீ பார்க்க மாட்டியே."

"நீங்க மட்டும்?"

அவள் சிரிக்கவில்லை. "ஊர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"கொளுத்தினவன் நடறான்னா யார் நம்புவா?"

கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"இது எங்க போகுது?"

"உங்க ஓடைக்குத்தான்."

"உன் வீட்டுக்கு?"

"ஓடை வத்தினதுக்கு நான்தான் காரணம்னு, என் குழாயை நீங்க வெட்டி அஞ்சு வருஷமாச்சே, தோன்யா."

சொல்லிவிட்டு அவன் அடுத்த குழியைத் தோண்டக் குனிந்தான்.

எடெல்வினா ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே மெல்ல நடந்தாள்.