கதவுக்குத் தெரியாத மருமகள்

மணமேடை விளக்குகள் பின்னாலிருந்து அடித்ததால், படத்தில் மணப்பெண் நிறைமதியின் முகம் இருண்டிருந்தது. அவளுடைய மாநிறம் மாறாமல் இருளை மட்டும் விலக்கிக் காட்டினாள் போட்டோ எடிட்டர் இருதயமேரி.

"எம் மருமக செக்கச்செவேல்னு இருக்கணும்," என்றாள் மாமியார்.

இந்தக் கண்ணுக்கு வெள்ளைச் சுவரே போதும் என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டு, மேரி வெளுத்துக் கொடுத்தாள். முகம் பார்த்துத் திறக்கும் வீட்டுக் கதவுக்கு அந்தப் படத்தையே பதிந்தார்கள்.

மாலையில் மாமியாரிடமிருந்து போன். "ஆரத்தி எடுத்தாச்சு, பொண்ணு வலது காலைத் தூக்கிட்டு நிக்கிறா, கதவு தெறக்க மாட்டேங்குது!"

"அவ நிறத்துல இருக்குற மொதப் படத்தப் பதிங்க."

"அந்தக் கருப்புப் படத்தையா? டப்பா பவுடரையும் கொட்டிப் பாத்துட்டேன். வேற என்ன பூசலாம்?"

"சுண்ணாம்பு அடிங்க," என்றாள் மேரி.

மாமியார் கொஞ்சம் யோசித்தாள். "எத்தனை கோட்டிங்?"