பங்க்குக்கு முன்னால் நாலு அரளி

மூன்றாவது தோசையும் தட்டுக்கு வந்துவிட்டது. அவன் இன்னும் அதைச் சொல்லவில்லை.

அவள் கரண்டியைப் பிடித்தபடி புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வருகிறவன், கை கழுவும் முன்னமே அதைத்தான் சொல்வான். இரண்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

"இன்னிக்கும் அந்தச் சந்துல லைட்டு அடிச்சுது புள்ள."

பைபாஸில், பெட்ரோல் பங்க்குக்கு முன்னால், ரோட்டு நடுவில் நட்டிருக்கும் அரளி வேலியில் ஒரு சந்து.

மற்ற இடமெல்லாம் அரளி ஆள் உயரம் நிற்கும். மழையோ வெயிலோ, பச்சை குறையாது. வருஷம் முச்சூடும் பூ. எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

அந்த ஓரிடத்தில் மட்டும் நாலு செடி பட்டுப்போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அங்கேதான் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் அவன் முகத்தில் அறைந்தது. கண் இருண்டுபோய், லாரியின் இடப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மறுநாள் காலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே வைதான். எந்த நாசமாப்போனவனோ தண்ணி ஊத்தாம காய உட்டுட்டான் என்று.

ஊற்றாமல் விட்டது அவள்தான்.

அரளிக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. நாற்பது கிலோமீட்டருக்கு ஆறு தண்ணி வண்டி. எந்த வண்டிக்கு எந்த இடம் என்று அவனுக்கு எங்கே தெரியும்?

அவளுடைய வண்டி பங்க்கை நெருங்கும்போது தொட்டி தீர்ந்துவிடும். உச்சி வெயில் வேறு. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று ஹோஸைச் சுருட்டிவிடுவாள். அந்த நாளை வரவே இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே நாலு குச்சி ஒடித்துப்போய் நட்டாள். வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்தாள். அரளியில் ஆடு மாடு வாய் வைக்காது, அந்தக் கவலை இல்லை. தண்ணீர் ஒன்றுதான் வேண்டும்.

அவளுடைய தண்ணி வண்டியை ஓட்டும் சென்னியப்பன் அண்ணன் நாலு நாள் அதைப் பார்த்தார். ஐந்தாம் நாள் வண்டியைப் பங்க் பக்கமிருந்தே எடுத்தார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து நிறைந்த தொட்டியின் முதல் தண்ணீர் அந்த நாலுக்கும்தான். மறுகோடிக்குப் போகுமுன் தண்ணீர் தீர்ந்தால் இன்னொரு நடை போய் நிரப்பி வந்தார்.

மகராசன், நல்லா இருக்கணும்.

குச்சி துளிர்த்தது. முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. அவன் வைவது மட்டும் நிற்கவில்லை.

போன வாரம் நாலும் பக்கத்துச் செடிகளோடு கிளை கோத்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவன் அந்த வழியே வந்தது நேற்று இரவுதான்.

நாலாவது தோசையைத் திருப்பிப் போட்டாள். பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, வழியில ஏதாச்சும்..."

அவன் சட்னியைத் தொட்டுக்கொண்டே யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன இருக்கு? ரோடுதான்."

அந்த வார்த்தை அவள் வயிற்றில் பால் வார்த்தது.

சந்து என்று ஒன்று இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவன் படுத்துக் கண்ணை மூடும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு சென்னியப்பன் அண்ணனுக்கென்று ஐந்து தோசை வார்த்து, நெய் விட்டு, டப்பாவில் அடுக்கினாள்.

வீட்டுக்குப் பின்னால் போய் அரளியில் விரல் தடிமனுக்குக் குச்சிகள் ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

டோல்கேட் தாண்டி இன்னொரு சந்து இருக்கிறது. அது வேறு வண்டிக்காரர்கள் பார்க்கிற இடம்.

அந்த வழியில் யார் வீட்டு ஆள் வருகிறானோ.