முதுகுக்குப் பின்னால்

அருளப்பனின் பெட்ரோல் கார் தெருமுனையில் உறுமும்போதே ஜெசிந்தா டி.வி.யை அணைத்துவிடுவாள். அவள் சந்தோஷமாக இருப்பதைக் கண்டால் அடிக்க அவன் கை நீளும். விவாகரத்தில் அந்தக் கார் அவளுக்கு வந்தது. அவள் விற்கவில்லை. மெக்கானிக்கிடம் கொடுத்து, இன்ஜினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும் பேட்டரியும் வைக்கச் சொன்னாள்.

“பழைய இன்ஜினை என்னக்கா செய்ய?”

“என் கண்ணு முன்னால உடைங்க.”

அதன்பிறகு தினமும் வேலைக்குப் போகிற வழியில், அருளப்பன் நடக்கப் போகும் குளக்கரைச் சாலைக்கு வண்டியைத் திருப்பினாள். சத்தமே இல்லாமல் அவன் முதுகை ஒட்டிப் போய் நிறுத்தி, ஒரே ஒரு ஹாரன் அடிப்பாள். முதல் நாள் அவன் பள்ளத்தில் விழாத குறை.

“பைத்தியமாடி உனக்கு? நீ வர்றது தெரிய வேண்டாமா?”

“நீ வர்றது எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன செய்ய முடிஞ்சுது?”

அவன் நேரத்தை மாற்றினான், பாதையை மாற்றினான். அவளும் மாற்றினாள். கடைசியில் அவன் வெளியே வருவதையே நிறுத்திவிட்டான்.

சந்தையில் அவன் தங்கை ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “போதும் மதினி. அண்ணன் இப்ப வீட்டுக்குள்ள நடக்கும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பாக்கறான்.”

ஜெசிந்தா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னும் நெருங்கி வந்து, மெதுவாகக் கேட்டாள்.

“எந்த ரூம்ல?”