கௌசிகா விசாரித்து வந்த படிப்பு

“நேர்ஸிங் படிப்பை விசாரிச்சனியே?” என்று மகள் கௌசிகாவிடம் கேட்டார் தங்கராசா.

“ஓம் அப்பா. யூனிவர்சிட்டியில மூண்டு வருசம். இப்ப ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, அரசாங்கம் கடனாய்த் தரும். வேலை எடுத்த பிறகு சம்பளத்தில கொஞ்சம் கொஞ்சமாய்க் கழிப்பினம்.”

“சம்பளம்?”

“உங்கட சம்பளத்தைவிடக் கூட.”

“அப்ப என்ர இடுப்பு நாரிநோவுக்கு வீட்டிலயே நேர்ஸ்! உடனே சேர், பிள்ளை.”

“இன்னும் ஆறு வருசம் பொறுக்கவேணும் அப்பா.”

“ஏன்?”

“தங்கச்சிக்கு இப்பதானே பன்னிரண்டு.”

தங்கராசாவின் சிரிப்பு நின்றது. சின்னவள் சிட்னியில் பிறந்து, அந்த நாட்டுச் சட்டப்படி பத்து வயதில் குடியுரிமை பெற்றவள். கௌசிகா அவர் அகதிப் படகில் தூக்கி வந்த பிள்ளை. அவளுடைய தற்காலிக விசாவுக்கு அந்தக் கடன் கிடையாது. முழுக் காசையும் கையால் கட்டவேண்டும்.

“அப்ப நீ?”

“லிட்கம் ஸ்டேசனுக்குக் கிட்ட கிளீனிங் வேலை கிடைச்சிருக்கு. காலமை ஐஞ்சு மணிக்கு எழுப்பிவிடுங்கோ, அப்பா.”